கே.கே.பட்டியிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு



ஜூன் பிறந்தால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு கவலைகள். பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பது வயலில் நிற்பவரின் கவலை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்பது வீட்டில் இருப்பவரின் கவலை. கே.கே.பட்டி என்கிற காமயகவுண்டன்பட்டியிலிருந்தும் சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டியிலிருந்தும் சட்டம் படிக்கப் போகும் உங்களுக்கு இந்த இரண்டும் ஒரே கவலை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முன்பு நம் பக்கத்துப் பிள்ளை அரசுக் கல்லூரியில் சட்டம் படிக்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். 2019-ல் தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்தது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளிலிருந்தும் இப்போது சட்டம் படிக்க வருகிறார்கள். நம் தாலுகாவுக்கு இதைவிடப் பெரிய நன்மை சமீபத்தில் வேறு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கோர்ட் வாசலில் என்னைப் பார்க்கிற மாணவர்கள் கேட்பது ஒரே மாதிரி இருக்கிறது. “அண்ணே, எந்தப் பேப்பருக்குக் கைடு போதும்?” அவர்களுக்கு மேல் வகுப்புக்காரர்கள் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குற்றவியல் சட்டம் சினிமா மாதிரி ஓடும், அதை மட்டும் ஒழுங்காகப் படி. சர்வதேசச் சட்டம் ஐ.நா. சபைக் கதை, பரீட்சைக்கு முந்தின வாரம் மனப்பாடம் செய்தால் போதும். நிர்வாகச் சட்டம் தூக்கம் வரும், அரியர் விழாமல் பார்த்துக்கொள். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் இந்த மூன்றையும் கட்டாயப் பாடமாக வைத்திருக்கின்றன. கட்டாயம் என்பதாலேயே கசக்கிறதோ என்னவோ. இந்த மூன்றில் எதை விட்டாலும் உங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலின் கதையே உங்களுக்குப் புரியாமல் போகும் என்பது என் கட்சி.

‘தூரத்து’ப் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1886 அக்டோபர் 29. திருவிதாங்கூர் மகாராஜா ஒரு பக்கம், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலர் மறுபக்கம். பெரியாற்றில் அணை கட்ட 8,000 ஏக்கரை, அதாவது 155 அடி மட்டக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலத்தை, 999 வருடத்துக்குக் குத்தகைக்கு விடும் பத்திரம் கையெழுத்தாகிறது. குத்தகை 1886 ஜனவரி 1 முதல் கணக்கு. வாடகை ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000. பொறியாளர் பென்னி குவிக் கட்டிய அணை 1895 அக்டோபர் 10-ல் திறக்கப்பட்டது. அவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீடுகளும் பொங்கலுக்கு அவர் படத்துக்கு மாலை போடும் ஊர்களும் நம்மிடம் உண்டு. பத்திரத்தைப் படித்த வீடு எத்தனை என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பத்திரத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் இன்று இல்லை. மகாராஜாவின் சமஸ்தானம் போய்க் கேரளம் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சி போய் இந்திய ஒன்றியமும் தமிழ்நாடும் வந்தன. ஓர் அரசு மறைந்து இன்னோர் அரசு வந்தால் பழைய அரசு செய்த ஒப்பந்தங்கள் என்ன ஆகும்? சர்வதேசச் சட்டப் புத்தகத்தில் அரசுகளின் வாரிசுரிமை என்ற அத்தியாயம் இதைத்தான் பேசுகிறது. நீங்கள் அதில் சோவியத் யூனியன் உடைந்த கதையையும் யூகோஸ்லாவியா சிதறிய கதையையும் படிப்பீர்கள். அதே கேள்வியை நம் அணை வழக்கில் கேரளம் எழுப்பியது. 1886 பத்திரம் இரண்டு அரசுகளுக்கு இடையிலான அரசியல் உடன்படிக்கை என்றது. 1947-ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சமஸ்தானங்களோடு மகுடம் செய்த உடன்படிக்கைகளை முடித்துவைத்தது, அதோடு இதுவும் முடிந்தது என்றது. மன்னர்கள் செய்த உடன்படிக்கைகளைப் பற்றிய தகராறைக் கோர்ட் விசாரிக்க முடியாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 363-ஆம் உறுப்பையும் காட்டியது.

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில், இந்த வாதங்களை ஏற்கவில்லை. இது அரசியல் உடன்படிக்கை அல்ல, சாதாரணக் குத்தகை ஒப்பந்தம், ஆகவே 1947-ல் சாகவில்லை, 363-ம் குறுக்கே நிற்காது என்றது. 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் துணைக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு உள்ள சட்ட அஸ்திவாரத்தில் பாதி இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. ஐ.நா. சபைக் கதை என்று தள்ளிவிட்ட பாடம்!

மறுபாதி நிர்வாகச் சட்டத்திலும் அரசியலமைப்பிலும் இருக்கிறது. 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த அனுமதித்தது. மூன்று வாரத்தில் கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டு, அதன் அட்டவணையில் முல்லைப் பெரியாறு என்ற நம் அணையைச் சேர்த்து, 136 அடிக்கு மேல் கூடாது என்றது. தமிழ்நாடு 131-ஆம் உறுப்பின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் ஒரு உண்மையை விசாரித்து, அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, இரு தரப்பில் ஒரு தரப்பு தன் சட்டமன்றத்தைக் கூட்டி அந்தத் தீர்ப்பைக் காலி செய்ய முடியுமா? முடியாது என்பது 2014 விடை. அதிகாரப் பிரிவினை என்று கைடில் நாலு வரியில் வரும் கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தியச் சட்டத்தில் அதிகம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அணை 142 அடியைத் தொட்டது.

இங்கே ஒரு வேண்டுகோள். ஊரில் சொன்னால் திட்டுவார்கள், பரவாயில்லை. காலேஜில் மாதிரி நீதிமன்றம் நடக்கும்போது இந்த வழக்கைக் கேட்டு வாங்கி, கேரளத்துக்காக வாதாடுங்கள். 1979-ல் குஜராத்தின் மோர்பி அணை உடைந்து ஊரே அழிந்தது. அந்த ஆண்டுதான் நம் அணையின் நீர்மட்டமும் 136 அடிக்கு இறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய நூறு வருடத்துக்கு மேற்பட்ட அணைக்குக் கீழே குடியிருப்பவர் பயப்படுவது அரசியல் மட்டும் அல்ல. அந்தப் பயத்தை உள்ளபடி எடுத்துவைத்து, பிறகு அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் நம் தரப்பு வக்கீலாக முடியும். எதிர்த் தரப்பின் வாதத்தைக் கேவலமாக நினைக்கிறவர் முதல் குறுக்கு விசாரணையிலேயே திணறுவார்.

இன்னொரு சங்கதியும் பத்திரத்திலேயே இருக்கிறது. பாசனத்துக்குத் தந்த தண்ணீரில் சென்னை மாகாணம் மின்சாரம் எடுக்கலாமா என்று தகராறு வந்து, நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941-ல் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 1970-ல் துணை ஒப்பந்தம் போட்டு, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் மின்சார உரிமை முறைப்படி கைக்கு வந்தது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸைப் பார்க்கும்போது இது ஞாபகம் வரட்டும்.

நம் அணையோடு சர்வதேசச் சட்டம் முடிந்துவிடவில்லை. ‘முன்னெச்சரிக்கைக் கொள்கை’, ‘மாசுபடுத்தியவரே செலவைக் கொடு’ என்ற இரண்டு கொள்கைகளும் சர்வதேச மாநாடுகளில் பேசப்பட்டு, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய 1996 வேலூர் வழக்கின் வழியாக இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றன. 2013 அக்டோபரில் ஆயுதம் ஏந்திய காவலர்களோடு வந்த ‘சீமேன் கார்டு ஓஹியோ’ கப்பலைத் தூத்துக்குடியில் பிடித்தார்கள். கீழ்க்கோர்ட் 35 பேருக்கும் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுதலை செய்தது. கப்பல் நம் கடலெல்லைக்குள் எதற்காக வந்தது, கடற்சட்டம் அதற்கு என்ன இடம் தருகிறது என்ற வாதம் நடந்தது நீங்கள் நாளை கறுப்பு கோட்டோடு ஏறப்போகும் அதே கிளையில்தான்.

குற்றவியல் சட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடித்த பாடம், அதனால் அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் பிடித்த காரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கொலை, குறுக்கு விசாரணை, கடைசியில் விடுதலை. நம் மண்ணில் குற்றவியல் சட்டம் அப்படி ஆரம்பிக்கவில்லை. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் மாயக்காள் உட்பட 16 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள் செய்த குற்றம், குற்றப் பரம்பரைச் சட்டப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க மறுத்தது. ரேகைச் சட்டம் என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். நம் பள்ளத்தாக்கிலும் அந்தப் பதிவேட்டில் ஏறிய குடும்பங்கள் உண்டு. ஒரு மனிதன் செய்ததற்காக அல்லாமல் பிறந்ததற்காகத் தண்டிக்கும் சட்டத்தை, முறையாக மசோதா போட்டு, கெஜட்டில் அச்சடித்து நடத்தினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழித்தார்கள், நாடு முழுக்க 1952-ல். சட்டப்படி நடந்தது என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டப்படி, அந்தச் சட்டம் நியாயமா என்று அடுத்த கேள்வி கேட்க இதுவே போதுமான காரணம்.

நம் ஊரிலேயே காந்திக்குக் கோயில் இருக்கிறது. விடுதலைப் போரில் ஜெயிலுக்குப் போன தியாகிகள் நிறைந்த ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம். கோர்ட் ஏட்டில் அவர்கள் எல்லோரும் குற்றவாளிகள். 2011 டிசம்பரில் அணைக்காக நம் ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் குமுளியை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தபோதும் 144 தடை உத்தரவு இருந்தது. ஊரோடு நடந்து போனவன் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டால், வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அது எழுந்து வரும். இந்த இடத்தில் ஒரு தீர்ப்பை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். 2018 செப்டம்பர் 20, ஜீவானந்தம் வழக்கு, மதுரைக் கிளை, நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். தடை உத்தரவை மீறியதற்காக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ன்கீழ் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அரசு அலுவலர் கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. கரூர்ப் பக்கத்து வழக்கு அது. தெருவில் இறங்கிப் போராடும் ஊர்களுக்கு இதைவிட உபயோகமான தீர்ப்பு கிடையாது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் பெயரும் எண்களும் மாறிவிட்டன. 188 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. 144 உத்தரவு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். ஆகவே நீங்கள் இன்னும் பல வருடம் இரண்டு எண்களையும் சுமக்க வேண்டும். பெயரை ஏன் இந்தியில் வைத்தார்கள் என்ற சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம், பிரிவுகளை முதலில் படியுங்கள்.

கம்பம் என்றாலே வெளியூரில் கஞ்சா என்று நக்கலடிப்பார்கள். கோபம் வரும். கோபத்தை வைத்துக்கொண்டு போதைப்பொருள் சட்டத்தைப் படியுங்கள். கஞ்சாவில் 20 கிலோ வணிக அளவு. அதற்கு மேல் போனால் 37-ஆம் பிரிவின் காரணமாக ஜாமீன் குதிரைக் கொம்பு. மூட்டை தூக்கிய கூலிக்காரன் உள்ளே கிடக்க, மூட்டைக்குச் சொந்தக்காரன் வெளியே இருப்பதைப் பல கோப்புகளில் பார்க்கலாம். அந்தக் கூலிக்காரனிடம் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று சொன்னது டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. தீர்ப்புத் தேதி 2020 அக்டோபர் 29. நம் அணைப் பத்திரமும் ஒரு அக்டோபர் 29 என்பதால் மறக்காது.

நிர்வாகச் சட்டம் தூக்கம் வரும் பாடம் என்கிறார்கள். பட்டா மாறுதலுக்கு உங்கள் அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்தது நிர்வாகச் சட்டம். நோட்டீஸ் கொடுக்காமல் பேரூராட்சிக்காரர்கள் கடையை இடித்தால் அது நிர்வாகச் சட்டம். அணை திறக்கும் அரசாணையில் நம் வாய்க்கால் விட்டுப்போனால் யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது என்பதும் அதுவே. வக்கீல் தொழிலில் நம் ஜனங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது கொலை வழக்கு வாதமல்ல, ஒரு ஒழுங்கான மனுவும் அதற்கு ஒரு தேதியும்தான். மதுரைக் கிளையில் தினமும் வழங்கப்படும் உத்தரவுகளைப் பாருங்கள். ‘மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்’ என்ற ஒரே வரியை வாங்க மனிதர்கள் கடன் வாங்கிக்கொண்டு மதுரைக்கு வருகிறார்கள். அந்த வரியால் பல நேரம் ஒன்றும் நடப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பரிசீலித்து நிராகரித்தாலும் அது பரிசீலனைதான்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் போடி மேற்கு மலையின் நியூட்ரினோ வழக்கு. பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்ட 2011-ல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. காரணம், நியூட்ரினோ நல்லதா கெட்டதா என்பதல்ல. கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆகவே கோப்பு எந்த வகையில் போயிருக்க வேண்டும் என்ற கேள்வி. மத்திய அரசு 2018-ல் புதிதாக அனுமதி தந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதைத் தள்ளவில்லை, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. மேடையில் பேசியவர்கள் அணுவையும் மலையையும் பற்றிப் பேசினார்கள். கோர்ட்டில் நின்றது ஒரு வரைபடமும் தூரக் கணக்கும். நல்ல நிர்வாகச் சட்ட வக்கீல் அந்த வரைபடத்தைத்தான் முதலில் விரிப்பார்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அதுதான் முதல் கேள்வி. வக்கீலாகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000-மும் உதவித்தொகை தர வேண்டும் என்றது. எத்தனை சீனியர்கள் தருகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் தொழில் செய்ய வேண்டும். நீங்கள் கேளுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தோமே என்ற தயக்கம் வேண்டாம். உத்தமபாளையம் கோர்ட்டில் சாட்சி பேசுவது நம் ஊர்த் தமிழ். திராட்சைத் தோட்டத்து வரப்புத் தகராறில் அவர் சொல்வதன் பொருள் புரிய நம் ஊரில் வளர்ந்திருந்தால் போதும். ஆனால் ஆங்கிலத் தீர்ப்பு படிக்கப் பயந்தால் உயர் நீதிமன்றப் படி ஏற முடியாது. தினமும் பத்துப் பக்கம், அகராதியோடு.

கடைசியாக ஒரு காரியம் கேட்கிறேன். முதல் வருஷம் முடிந்து வரும் கோடை விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து உட்காருங்கள். 1886 பத்திரத்தையும் 2014 தீர்ப்பையும் முழுதாகப் படியுங்கள். நம் விவசாயிக்குப் புரிகிற தமிழில் இருபது பக்கத்தில் எழுதுங்கள். இரு தரப்பு வாதமும் அதில் வர வேண்டும், வசை எதுவும் வேண்டாம். எழுதியதைக் காமயகவுண்டன்பட்டி நூலகத்துக்கும் நீர்ப்பாசனச் சங்கங்களுக்கும் கொடுங்கள். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர்